ஏ.என்.ஏ பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்து என்ன செய்வது? லூபஸ் பரிசோதனைகளுக்கு ஒரு வழிகாட்டி

மூட்டு வலிக்கோ முடி கொட்டுவதற்கோ டாக்டரிடம் போய், ‘ஏ.என்.ஏ பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பியிருக்கிறீர்களா? அல்லது டாக்டர் எழுதிக் கொடுத்த நீளமான பரிசோதனைப் பட்டியலில் பாதிப் பெயர் புரியாமல் திகைத்து நிற்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த உறுப்புகளையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களில் ஒன்று லூபஸ். என் தங்கைக்கு அது உறுதியாவதற்குள் நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லேபில் எடுத்ததையே இன்னொரு லேபில் எடுக்கச் சொன்னார்கள். ஒரு ரிப்போர்ட்டில் எண் இருந்தது, இன்னொன்றில் விகிதம் இருந்தது. எதை எதோடு ஒப்பிடுவது என்று சொல்லித் தர ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிருமிகளை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதங்கள் ஆன்டிபாடிகள். உடம்பின் சொந்தத் திசுக்களையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத்தான் ஆட்டோஆன்டிபாடி என்கிறோம், ஏ.என்.ஏவும் அந்த வகைதான். அவை ரத்தத்தில் இருப்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உடம்பில் தெரியும் அறிகுறி, சிறுநீர், ரத்த அணுக்கள் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் வரும். கீழே இருக்கும் வரிசையும் அதனால்தான் லேபிலிருந்து தொடங்கவில்லை.

1. ரத்தம் கொடுக்கும் முன் அறிகுறிகளை எழுதி வையுங்கள்

லூபஸ் அறிகுறிகள் வரும், போகும். டாக்டரைப் பார்க்கும் நாளன்று முகம் தெளிவாக இருக்கும், விரல்கள் வீங்கியிருக்காது. அதனால் ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள்: எது, எப்போது தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது, எதனால் கூடியது. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள்.

படம் எடுக்கும்போது ஒரு நுணுக்கம். வெயில் பட்ட பிறகு கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் சிவப்பு படர்ந்தால், மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். லூபஸ் சிவப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிட்டுத்தான் படரும். சாதாரணத் தோல் பிரச்சினைகள் சில அந்த மடிப்பிலேயே வரும். நல்ல வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல் எடுத்த ஒரு படம் டாக்டருக்கு நிறையச் சொல்லும்.

இவற்றை விடாமல் எழுதுங்கள்: காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு விறைப்பு, வாயின் மேல் அண்ணத்தில் வலியில்லாத புண், குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, கண்ணும் வாயும் வறள்வது, சிறுநீரில் கலையாத நுரை, காரணம் தெரியாத காய்ச்சல். கருச்சிதைவு நேர்ந்திருந்தால் அது எத்தனையாவது வாரத்தில் என்பதையும், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால் அதையும் கட்டாயம் குறியுங்கள். பலர் இவற்றை ‘அது வேறு விஷயம்’ என்று விட்டுவிடுகிறார்கள். வேறு விஷயம் இல்லை.

சாப்பிடும் மருந்துகளும் முக்கியம். ஹைட்ரலஸின், புரோகெய்னமைட், காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட், முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின், மூட்டுவாதத்துக்குப் போடும் டி.என்.எஃப் தடுப்பு ஊசிகள் ஆகியவை ஏ.என்.ஏவைப் பாசிட்டிவ் ஆக்கலாம். சிலருக்கு லூபஸ் போன்ற நோயையே வரவழைக்கலாம். மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நிறுத்துவது டாக்டரின் முடிவாக இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சிறுநீர் குறைந்து முகமோ காலோ வீங்கினால், மூச்சுத் திணறினால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், ஆன்டிபாடி ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

2. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில், புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். ‘எல்லாம் நார்மல்’ என்று வந்தவற்றையும் சேருங்கள். வெள்ளை அணு 2 வருடத்துக்கு முன்பே குறையத் தொடங்கியதா என்பது அந்த நார்மல் ரிப்போர்ட்டுகளில்தான் தெரியும்.

போனில் வரும் சுருக்கம் போதாது. லேபிலிருந்து முழு ரிப்போர்ட்டை வாங்குங்கள். பரிசோதனை முறை, எண் அல்லது டைட்டர், பேட்டர்ன் (இந்த இரண்டையும் அடுத்த படியில் விளக்குகிறேன்), அந்த லேபின் நார்மல் அளவு, ரத்தம் எடுத்த தேதி ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் திரும்பக் கேளுங்கள், தருவார்கள்.

மருத்துவமனையில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. பயாப்சி (திசுத் துண்டை எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்திருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடும் பிளாக்கும் எங்கே இருக்கின்றன என்ற விவரம். இன்னொரு நிபுணர் அவற்றை மறுபடி பார்க்க விரும்பலாம். இவற்றோடு ரத்த உறவில் யாருக்காவது லூபஸ், முடக்குவாதம், தைராய்டு, சொரியாசிஸ் இருந்தால் ஒரு வரி. ஃபைல் அவ்வளவுதான்.

3. ஏ.என்.ஏ: முதல் கதவு

ஏ.என்.ஏ என்பது உயிரணுக்களின் உட்கருவில் உள்ள பொருள்களைத் தாக்கும் ஆன்டிபாடிகளின் பொதுப் பெயர். அதைப் பார்க்கச் சிறந்த முறை இம்யூனோஃபுளோரசன்ஸ், சுருக்கமாக ஐ.எஃப்.ஏ. கண்ணாடித் தகட்டில் ஹெப்-2 என்ற வகை உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். உங்கள் ரத்தத்தின் சீரத்தை (அணுக்கள் நீக்கிய தெளிந்த திரவத்தை) நீர்த்து அதன்மேல் விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் அது உட்கருவில் ஒட்டிக்கொள்ளும், மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். எலைசா என்ற இயந்திர முறையிலும் ஏ.என்.ஏ எடுக்கிறார்கள். அது வேகமானது, ஆனால் ஓர் எண்ணைத்தான் தரும், பேட்டர்ன் தெரியாது. அதனால் டாக்டர் ‘ஏ.என்.ஏ’ என்று மட்டும் எழுதியிருந்தால், ‘ஐ.எஃப்.ஏ முறையா?’ என்று லேபில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நாங்கள் இரண்டு முறை எடுக்க நேர்ந்ததற்கு இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததுதான் காரணம்.

டைட்டரை இப்படிப் படியுங்கள். 1:80 என்றால் சீரத்தை 80 மடங்கு நீர்த்த பிறகும் ஒளி தெரிகிறது. 1:160, 1:320, 1:640 என்று இரண்டாவது எண் கூடக்கூட ஆன்டிபாடி அதிகம். சில லேபுகள் 1:100-லிருந்து தொடங்கும்.

இனி கலங்கிப் போயிருப்பவர்களுக்கு ஒரு தகவல். எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமானவர்களிடம் பார்த்த ஆய்வில், 1:40 அளவில் 100-ல் சுமார் 30 பேருக்கும், 1:80-ல் சுமார் 13 பேருக்கும், 1:160-ல் 5 பேருக்கும், 1:320-ல் 3 பேருக்கும் ஏ.என்.ஏ பாசிட்டிவ். வயது கூடினால், தைராய்டு ஆட்டோஇம்யூன் நோய் இருந்தால், ஏதாவது தொற்று வந்துபோனால்கூடப் பாசிட்டிவ் வரலாம். அசதி மட்டும் இருக்கிறது, டைட்டர் 1:80 என்றால் அது லூபஸாக இருக்கும் வாய்ப்பு குறைவுதான். ராத்திரி முழுக்க இணையத்தில் தேடித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நெகட்டிவ் வந்தால்? லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், 100-ல் 97 பேர் அளவுக்கு, ஏ.என்.ஏ பாசிட்டிவ் ஆக இருக்கும். அதனால் நல்ல முறையில் எடுத்த ஏ.என்.ஏ நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் அது லூபஸ் இல்லை. ஆனால் முடக்குவாதத்தையோ ரத்தக்குழாய் அழற்சியையோ அது தள்ளுபடி செய்யாது. ரோ, ஜோ-1 ஆகிய ஆன்டிபாடிகள் உள்ள சிலருக்கும் ஏ.என்.ஏ நெகட்டிவ் ஆக வருவதுண்டு.

பேட்டர்ன் என்பது ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்ற விவரம் (இதில் வரும் ஆன்டிபாடிகளின் பெயர்களை அடுத்த படியில் விளக்குகிறேன்):

ஹோமோஜீனியஸ்: உட்கரு முழுக்க ஒரே சீராக ஒளிரும். டிஎஸ்-டிஎன்ஏ, ஹிஸ்டோன் ஆன்டிபாடிகள் பக்கம் கைகாட்டும்.

ஸ்பெக்கில்டு: புள்ளி புள்ளியாக. ரோ, லா, ஸ்மித், ஆர்.என்.பி ஆகியவற்றைத் தேடச் சொல்லும். நோயில்லாதவர்களிடமும் அதிகம் காணப்படும் பேட்டர்ன் இது.

சென்ட்ரோமியர்: எண்ணக்கூடிய தனித்தனிப் புள்ளிகள். தோல் இறுகும் நோயான ஸ்கிலீரோடெர்மாவின் மட்டுப்பட்ட வகையில் வரும்.

நியூக்ளியோலார்: இதுவும் ஸ்கிலீரோடெர்மா பக்கம்.

டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கில்டு: டி.எஃப்.எஸ்70 என்ற ஆன்டிபாடி மட்டும் தனியாக இருந்து, வேறு எதுவும் இல்லை என்றால், லூபஸ் போன்ற நோய் இருக்கும் வாய்ப்பு குறைகிறது.

பேட்டர்னைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. அடுத்து எதைத் தேடுவது என்பதற்கு மட்டும் அது உதவும்.

4. குறிப்பான ஆன்டிபாடிகள்: இங்கேதான் விடை தெளிகிறது

ஏ.என்.ஏ பாசிட்டிவ், அறிகுறியும் பொருந்துகிறது என்றால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். டாக்டர் டிஎஸ்-டிஎன்ஏவையும், ஸ்மித், ரோ, லா போன்ற குறிப்பான ஆன்டிபாடிகளை ஒன்றாகப் பார்க்கும் இ.என்.ஏ புரொஃபைலையும் எழுதுவார். புரொஃபைல் ரிப்போர்ட் பெரும்பாலும் ஒரு பட்டியல் போல வரும், ஒவ்வோர் ஆன்டிபாடிக்கும் எதிரே நெகட்டிவ், பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று போட்டிருப்பார்கள். ஒற்றை பிளஸ் வந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். இலேசான பாசிட்டிவ்கள் பல நேரம் எதையும் குறிக்காமலே போகும்.

ஆன்டி டிஎஸ்-டிஎன்ஏ. லூபஸுக்கு மிக நெருக்கமான ஆன்டிபாடி. அளவு கூடும்போது நோயும், குறிப்பாகச் சிறுநீரகத்தில், தீவிரமாகலாம். அதனால் இது நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படும், தொடர்ந்து கவனிக்கவும் பயன்படும். எலைசாவில் இலேசாகக் கூடியிருந்தால் கிரித்தீடியா என்ற நுண்ணுயிரை வைத்துச் செய்யும் ஐ.எஃப்.ஏ முறையில் உறுதிசெய்யச் சொல்வார்கள். அது லூபஸ் உள்ள சிலரைத் தவறவிடும், ஆனால் பாசிட்டிவ் என்று சொன்னால் கூடுதலாக நம்பலாம்.

ஆன்டி-ஸ்மித். லூபஸ் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்குத்தான் இது இருக்கும். ஆனால் இருந்துவிட்டால் லூபஸ் என்று மிக உறுதியாகச் சொல்லலாம், வேறு நோய்களில் அரிதாகவே வரும். நெகட்டிவ் வந்தால் லூபஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரோ, லா. எஸ்எஸ்ஏ, எஸ்எஸ்பி என்றும் ரிப்போர்ட்டில் இருக்கும். கண், வாய் வறட்சி தரும் ஷோகிரென் நோயிலும் லூபஸிலும் வரும். வெயில் ஒவ்வாமையோடும் தொடர்பு உண்டு. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் இந்த வரியைத் தவறாமல் பாருங்கள், காரணத்தை 9-ஆம் படியில் சொல்கிறேன்.

யு1-ஆர்.என்.பி. அதிக அளவில் இருந்தால் பல நோய்களின் கூறுகள் கலந்து வரும் கலப்பு இணைப்புத்திசு நோய் நினைவுக்கு வர வேண்டும். லூபஸிலும் வரும்.

எஸ்.சி.எல்-70. ஸ்கிலீரோடெர்மா. இது இருந்தால் நுரையீரலை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

ஜோ-1. தசை அழற்சியும் நுரையீரல் பாதிப்பும் சேர்ந்து வரும் நோய்.

ஹிஸ்டோன். மருந்தால் வந்த லூபஸில் அதிகம் காணப்படும். ஆனால் சாதாரண லூபஸிலும் வருவதால் இதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

லூபஸ் அல்லாத நோய்களுக்குத் தேடல் வேறு வழியில் போகும். விரல் மூட்டுகள் வீங்கினால் ஆர்.எஃப், ஆன்டி-சி.சி.பி என்ற இரண்டு ஆன்டிபாடிகளும். இவற்றில் சி.சி.பிதான் முடக்குவாதத்துக்குக் குறிப்பானது. ஆர்.எஃப் முதியவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் சி போன்ற தொற்று உள்ளவர்களுக்கும் வரும். இரண்டும் நெகட்டிவ் ஆக இருந்தும் முடக்குவாதம் உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ரத்தக்குழாய் அழற்சி என்று சந்தேகம் வந்தால் ஆன்கா, கூடவே பி.ஆர்3, எம்.பி.ஓ. கல்லீரலில் பித்தநாள நோய்க்கு ஏ.எம்.ஏ. தைராய்டுக்கு டி.பி.ஓ. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு டி.டி.ஜி. இந்தக் கடைசிப் பரிசோதனையில் ஒரு கண்ணி உண்டு: குளூட்டன் உணவை முன்பே நிறுத்திவிட்டால் நெகட்டிவ் ஆக வந்துவிடும். பரிசோதனை முடியும்வரை நிறுத்தக் கூடாது.

5. ஆன்டிபாடி அல்லாத பரிசோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விலை உயர்ந்த ஆன்டிபாடி பட்டியலுக்குப் பின்னால் ஓடும்போது, மிகவும் மலிவான சிறுநீர்ப் பரிசோதனை விட்டுப்போகிறது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலி எதுவும் இருக்காது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின்கூட நார்மலாக இருக்கலாம். சிறுநீரில் புரதமோ ரத்த அணுவோ எட்டிப்பார்ப்பதுதான் முதல் அடையாளம்.

எனவே சிறுநீர் முழுப் பரிசோதனை, சிறுநீர் புரத-கிரியாட்டினின் விகிதம் இரண்டையும் கேளுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் ரத்த அணுக்கள் கலந்து குழப்பும், தள்ளிப் போட முடிந்தால் போடுங்கள், இல்லையென்றால் லேபில் சொல்லிவிடுங்கள். புரதம் ஒரு நாளைக்கு அரை கிராமைத் தாண்டினால் சிறுநீரக பயாப்சி பற்றி டாக்டர் பேசுவார். அதற்குப் பயந்து காலம் கடத்த வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு தீவிரமாகத் தர வேண்டும் என்பதை அந்தத் திசுத் துண்டுதான் தீர்மானிக்கிறது.

கூடவே ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, கிரியாட்டினின், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, எதிர்ப்பு சக்தியில் பங்குபெறும் காம்ப்ளிமென்ட் புரதங்களான சி3, சி4. லூபஸ் தீவிரமாகும்போது சி3, சி4 குறையும். இ.எஸ்.ஆர் எகிறி, சி.ஆர்.பி பெரிதாகக் கூடாமல் இருப்பது லூபஸில் அடிக்கடி காணப்படுவது. சி.ஆர்.பி மிக அதிகமாக இருந்தால் தொற்று இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

6. ரத்தம் கொடுக்கும் நாள்

ஆன்டிபாடி பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு ஆகியவையும் சேர்ந்திருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிக அளவு பயோட்டின் சில பரிசோதனை முறைகளைக் குழப்பிவிடும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் தொடங்கிவிட்டு, அதே முடிக்காக லூபஸ் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஏராளம். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடமும் லேபிடமும் கேளுங்கள்.

இம்யூனோகுளோபுலின் ஊசி ஏற்றியிருந்தால் அதைச் சொல்லுங்கள். ரத்த தானம் செய்தவர்களின் ஆன்டிபாடிகள் அதில் இருப்பதால் பொய்யான பாசிட்டிவ் வரலாம். ஸ்டீராய்டு போன்ற மருந்தைப் ‘பரிசோதனை சுத்தமாக வரட்டும்’ என்று நீங்களாக நிறுத்தவே கூடாது.

7. ஆன்டிபாஸ்போலிப்பிட்: 12 வாரக் கணக்கு

ஆன்டிபாஸ்போலிப்பிட் என்பது ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் ஆன்டிபாடிகளின் குழு. ரத்த உறைவோ கருச்சிதைவோ நேர்ந்திருந்தாலும், லூபஸ் உறுதியானாலும் அதில் இந்த மூன்றை எழுதுவார்கள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி-பீட்டா2 கிளைக்கோபுரோட்டீன்1. முதலாவதன் பெயர் பலரைத் தவறாக எண்ண வைக்கிறது. லூபஸ் இல்லாதவர்களுக்கும் அது இருக்கலாம். பரிசோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தினாலும், உடம்புக்குள் ரத்தக் கட்டி உண்டாக்கும் ஆபத்தைத்தான் அது கூட்டும்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனைக்கு வெளிர்நீல மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் ஏற்கெனவே சிட்ரேட் திரவம் அளந்து ஊற்றப்பட்டிருக்கும். குழாயில் போட்ட கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். பாதியில் நின்றால் சிட்ரேட் விகிதம் மாறி, முடிவு தவறிப்போகும். குழாயைக் கண்ணால் பாருங்கள், குறைந்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். எடுத்த ரத்தத்தைச் சீக்கிரம் பிளாஸ்மாவாகப் பிரிக்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் சேவையைவிட லேபுக்கே நேரில் போவது மேல்.

ஹெப்பாரின், வார்ஃபரின், புதிய ரத்தம் உறையா மாத்திரைகள் எல்லாமே இந்தப் பரிசோதனையைக் குழப்பும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. எந்த மருந்து, கடைசியாக எப்போது என்று படிவத்தில் எழுதுங்கள். மற்ற இரண்டு பரிசோதனைகளையும் இந்த மருந்துகள் பாதிப்பதில்லை.

பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். தொற்றின்போது இந்த ஆன்டிபாடிகள் தற்காலிகமாக வந்து மறைவதுண்டு. இரண்டு முறையும் பாசிட்டிவ் ஆக இருந்தால்தான் கணக்கில் வரும். முதல் ரிப்போர்ட் வந்த நாளிலேயே போனில் 12 வாரத்துக்கு அலாரம் வைத்துவிடுங்கள்.

8. செலவும் காலமும்

பணத்தை மிச்சப்படுத்தும் வழி வரிசையைக் காப்பாற்றுவதுதான். முதலில் ஏ.என்.ஏ, சிறுநீர், ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின். அவை சுட்டிக்காட்டினால் மட்டும் டிஎஸ்-டிஎன்ஏ, இ.என்.ஏ, சி3, சி4. சில லேபுகளில் ரிஃப்ளெக்ஸ் என்ற வசதி உண்டு: ஏ.என்.ஏ பாசிட்டிவ் ஆனால் அதே ரத்தத்தில் அடுத்ததைச் செய்வார்கள், நெகட்டிவ் ஆனால் அங்கேயே நிற்கும். மறுபடி ஊசி குத்த வேண்டாம், வீண் செலவும் இல்லை. கேட்டுப் பாருங்கள்.

‘முழு ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்’ என்று விளம்பரம் வந்தால் அறிகுறி இல்லாமல் எடுக்காதீர்கள். இருபது ஆன்டிபாடிகளை ஒன்றாகப் பார்த்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு கூடுகிறது. பிறகு அதைத் துரத்தப் பேக்கேஜைவிட அதிகம் செலவாகும். மூட்டு, ஆட்டோஇம்யூன் நோய் நிபுணர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியே 2013-ல், ஏ.என்.ஏ பாசிட்டிவும் நோய் என்ற சந்தேகமும் இல்லாமல் அடுத்தகட்ட ஆன்டிபாடிகளை எடுக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது.

காப்பீடு இருந்தால் இ.என்.ஏ போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். டாக்டர் சீட்டில் காரணம் எழுதியிருக்க வேண்டும், ‘மூட்டு வீக்கம், வெள்ளை அணு குறைவு’ என்பது போல. ரசீதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகத் தொகை போட்டு வாங்குங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ரத்த எண்ணிக்கையும் சிறுநீரும் பெரும்பாலும் அன்றே வரும். ஐ.எஃப்.ஏ, இ.என்.ஏ எல்லாம் மாதிரிகள் சேர்ந்த பிறகு மொத்தமாகச் செய்வார்கள். சில நாட்கள் ஆகும், வெளி லேபுக்கு அனுப்பினால் இன்னும் கூடும். ‘வாரத்தில் எந்த நாள் இந்தப் பரிசோதனை நடக்கும்?’ என்று கேட்டு, அதற்கு முந்தைய நாள் கொடுத்தால் காத்திருப்பு குறையும். ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கத் தேதி கிடைக்கத் தாமதமாகும் என்றால், முதலில் தேதியைப் பதிந்துவிட்டு, அதற்குள் ரிப்போர்ட் கைக்கு வரும்படி திட்டமிடுங்கள்.

9. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க ருமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து லூபஸுக்கு ஒரு புள்ளிக் கணக்கை வெளியிட்டன. ஆய்வுகளுக்காக உருவானதுதான், ஆனால் டாக்டர் எதை எப்படி எடைபோடுகிறார் என்று புரிந்துகொள்ள நமக்கு உதவும். ஏ.என்.ஏ 1:80 அல்லது அதற்கு மேல் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும், அது நுழைவு நிபந்தனை. அதற்குத் தனியாகப் புள்ளி கிடையாது! டிஎஸ்-டிஎன்ஏ அல்லது ஸ்மித்துக்கு 6, மூட்டு பாதிப்புக்கு 6, சி3, சி4 இரண்டும் குறைந்தால் 4, காய்ச்சலுக்கு 2, முடி உதிர்வுக்கு 2, சிறுநீரக பயாப்சியில் லூபஸ் பாதிப்பு மூன்றாம் அல்லது நான்காம் வகை என்றால் அதற்கு மட்டுமே 10. மொத்தம் 10 வர வேண்டும், குறைந்தது ஓர் அறிகுறியாவது உடம்பில் இருக்க வேண்டும். வேறு காரணத்தால் விளக்க முடிகிற அறிகுறியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நீங்களாகக் கூட்டிப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தொற்றையும் வேறு நோய்களையும் ஒதுக்குவது டாக்டரின் வேலை.

இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: என் அறிகுறிகளில் எவை இந்த ஆன்டிபாடியோடு பொருந்துகின்றன? இன்னும் எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும்? இப்போது நோய் என்று சொல்ல முடியாது என்றால், அடுத்து எப்போது வர வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?

கடைசிக் கேள்வி ஏன் என்றால், ஆன்டிபாடிகள் நோய்க்கு முன்பே வரக்கூடும். அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்து வைத்த ரத்தத்தில் செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. லூபஸ் வந்த 130 பேரில் 88 சதவீதத்தினருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே ஏதாவது ஓர் ஆன்டிபாடி இருந்தது, சிலருக்குப் பல வருடங்கள் முன்பே. ஆன்டிபாடி உள்ள எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஸ்மித், டிஎஸ்-டிஎன்ஏ போன்றவை பாசிட்டிவ் என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று ஃபைலை மூடிவைக்கவும் கூடாது.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் ரோ, லா, ஆன்டிபாஸ்போலிப்பிட் முடிவுகளோடு முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். ரோ ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நூற்றில் இரண்டு பேர் அளவில் குழந்தையின் இதயத் துடிப்பில் தடை ஏற்படலாம். மற்ற பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. முன்பு ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் அடுத்த முறை ஆபத்து அதிகம், லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து அதைக் குறைக்கிறது. தாய்க்கு லூபஸ் அறிகுறி எதுவும் இல்லாமல் ரோ மட்டும் இருந்தாலும் இது பொருந்தும். மகப்பேறு டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், அவர் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கவனிக்க ஏற்பாடு செய்வார்.

10. எதை மறுபடி எடுக்க வேண்டும், எதை வேண்டாம்

ஏ.என்.ஏ ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் மறுபடி மறுபடி எடுக்கத் தேவையில்லை. டைட்டர் 1:640-லிருந்து 1:320-க்கு வந்தால் நோய் குறைந்தது என்று அர்த்தமில்லை. ஸ்மித், ரோ ஆகியவையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியவை டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4, ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம். நோய் தீவிரமாக இருக்கும்போது அடிக்கடி, அடங்கியிருக்கும்போது சில மாதங்களுக்கு ஒருமுறை. சிலருக்கு டிஎஸ்-டிஎன்ஏ உயர்ந்தே இருக்கும், உடம்பு நன்றாக இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் எண்ணுக்காக மட்டும் மருந்தைக் கூட்டமாட்டார்கள், ஆனால் இடைவெளியைக் குறைத்துக் கவனிப்பார்கள்.

ஒரு நோட்டில் தேதி, டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4, சிறுநீர்ப் புரதம், அன்றைய மருந்து அளவு, உடம்பு எப்படி இருந்தது என்று ஏழு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். டிஎஸ்-டிஎன்ஏவின் அலகும் நார்மல் அளவும் லேபுக்கு லேப் வேறுபடும், ஓரிடத்தில் 30 என்பது கவலைக்குரியது, இன்னோரிடத்தில் 90 நார்மல். முடிந்தவரை ஒரே லேபில், ஒரே முறையில் எடுங்கள். லேப் மாற்ற நேர்ந்தால் நோட்டில் ஒரு கோடு போட்டு, புதிய லேபின் முறையையும் நார்மல் அளவையும் எழுதிவிட்டு, அதன் கீழே புதிதாகத் தொடங்குங்கள்.